கதவை சாத்தின ஊர்ல கரீபியன்காரங்க எப்படி ஊர்க்காரங்க ஆனாங்க

பிரிட்டன்ல குடியேறிகளைப் பத்தி எங்க பேச்சு வந்தாலும் ஒரு புகார் கண்டிப்பா வரும், "வந்தவங்க ஊரோட ஒட்ட மாட்டேங்கிறாங்க, அவங்க ஆளுங்களோடயே இருந்துக்கிறாங்க"ன்னு. 1948க்கு அப்புறம் கரீபியன் தீவுகள்ல இருந்து போனவங்க விஷயத்துல நடந்தது அப்படியே தலைகீழ். ஊரோட சேரணும்னு மொதல்ல போய் நின்னதே அவங்கதான். சர்ச்ல போய் உக்காந்தாங்க, பப்ல போய் நின்னாங்க, வாடகைக்கு ரூம் கேட்டாங்க, வேலைக்கு அப்ளை பண்ணாங்க, பாதி இடத்துல கதவை சாத்திட்டாங்க. சாத்தினதுக்கு அப்புறம் வேற வழியில்லாம தங்களுக்குன்னு அவங்க ஆரம்பிச்ச விஷயங்கள்தான் இன்னிக்கு அந்த ஊர்களோட அடையாளம்னு சொல்லி கவுன்சில்காரங்களே போஸ்டர் அடிக்கிற அளவுக்கு வந்து நிக்குது.

எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் 1948 ஜூன்ல டில்பரி துறைமுகத்துக்கு வந்துச்சு, ஜூன் 22 ஆளுங்க இறங்கினாங்க. கப்பல்ல மொத்தம் 1,027 பேர், அதுல 802 பேர் கடைசியா வாழ்ந்த ஊர்னு கரீபியன்ல ஏதோ ஒரு இடத்தைச் சொல்லியிருக்காங்க. நிறைய பேர் ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் விமானப்படைல வேலை பாத்துட்டு ஊருக்குத் திரும்பி, அங்க வேலை இல்லாம மறுபடி கிளம்பினவங்க. சட்டப்படி இவங்க வெளிநாட்டுக்காரங்களே இல்லை, காலனில பொறந்தவங்களும் பிரிட்டிஷ் பிரஜைதான், அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டம் அதை இன்னும் அழுத்தமா எழுதி வெச்சுது. ஸ்கூல்ல படிச்சது இங்கிலாந்து வரலாறு, பாடினது இங்கிலாந்து தேசிய கீதம், அதனால "தாய்நாட்டுக்குப் போறோம்"னுதான் கப்பல் ஏறினாங்க. இது தெரியாம மத்ததைப் படிச்சா அவங்க பட்ட அதிர்ச்சி எதுக்குன்னே புரியாது.

தங்க இடம் இல்லாத இருநூத்துச் சொச்சம் பேரை கிளாபம் சவுத் ஸ்டேஷனுக்குக் கீழ போர்க்காலத்துல குண்டுவீச்சுக்குப் பயந்து தோண்டின பாதாள ஷெல்டர்ல தங்க வெச்சாங்க. அங்க இருந்து பக்கத்துல இருந்த வேலைவாய்ப்பு ஆபீஸ் பிரிக்ஸ்டன்ல கோல்ட்ஹார்பர் லேன்ல, வேலை தேடிப் போனவங்க அந்தப் பக்கமே ரூம் பாத்துக்கிட்டாங்க, பிரிக்ஸ்டன் கரீபியன் லண்டன்னு ஆனதுக்குக் காரணம் அவ்வளவுதான். மத்த ஊர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஒருத்தர் போய் ஃபேக்டரில வேலை வாங்கினா தம்பியைக் கூப்பிடுவாரு, தம்பி மச்சானைக் கூப்பிடுவாரு, அதனால ரெடிங்ல பார்படோஸ்காரங்க, ஹை விக்கம்ல செயின்ட் வின்சென்ட்காரங்க, லீட்ஸ்ல செயின்ட் கிட்ஸ் நெவிஸ்காரங்கன்னு தீவு தீவா குடியேற்றம் நடந்துச்சு. கரீபியன்னு நாம ஒரே பேர்ல சொல்றோம், அவங்களுக்குள்ள ஜமைக்காக்காரருக்கும் டிரினிடாட்காரருக்கும் நடுவுல ஆயிரம் மைல் கடல். "வெஸ்ட் இண்டியன்"ங்கற பொது அடையாளமே கிரிக்கெட் டீமைத் தாண்டி நிஜமா உருவானது பிரிட்டன்ல அடிச்ச குளிர்லயும் கிடைச்ச அவமானத்துலயும்தான்னு சொல்லலாம்.

சரி, மொதல் பிரச்சனை வீடு. வாடகை போர்டுலயே கறுப்பர்களுக்கு இல்லைன்னு பச்சையா எழுதி வெச்ச காலம், ரூம் கிடைச்சாலும் மத்தவங்களை விட அதிக வாடகை, வீடு வாங்கலாம்னா லோன் குடுக்க ஆள் இல்லை. அப்பதான் ஊர்ல இருந்து கொண்டு வந்த பழக்கம் கை குடுத்துச்சு, ஜமைக்கால அதுக்கு பார்ட்னர்னு பேர், டிரினிடாட்ல சூசூ. நமக்கு இதை ரொம்ப விளக்கவே வேண்டாம், அது சீட்டுதான். பத்து பேர் சேர்ந்து வாரம் ஆளுக்கு ரெண்டு பவுண்டு போட்டா இருபது பவுண்டு, அதை வாரம் ஒருத்தர் எடுத்துக்குவாங்க, பத்து வாரத்துல ரவுண்டு முடிஞ்சிரும். நம்ம ஏலச்சீட்டு மாதிரி தள்ளுபடி கிடையாது, போட்டது அப்படியே திரும்பி வரும், யாருக்கு எப்ப பணம்னு முடிவு பண்றது சீட்டு பிடிக்கிறவங்க, அவங்களை பேங்கர்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் தெருவுல எல்லாரும் மதிக்கிற ஒரு பொம்பளையா இருக்கும். கல்யாணம், கப்பல் டிக்கெட், வீட்டுக்கு அட்வான்ஸ்னு யாருக்கு அவசரமோ அவங்களுக்கு முன்னாடி குடுத்துருவாங்க. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது, ஏமாத்தினா அந்த ஆள் அப்புறம் எந்த வீட்டுக்கும் போக முடியாது, அதுதான் ஜாமீன். மேற்கு ஆப்பிரிக்கால இருந்து அடிமைகளா பிடிச்சுட்டுப் போனவங்க கூடவே எடுத்துட்டுப் போன பழக்கம் இது, ரெண்டு கடல் தாண்டி லண்டன் பேங்க் செய்யாத வேலையைச் செஞ்சுது.

இப்படிச் சேர்த்த பணத்துல வாங்கினது பெரும்பாலும் வெள்ளைக்காரங்க விட்டுட்டுப் போன பெரிய பழைய விக்டோரியன் வீடுங்க, குண்டு விழுந்த பேட்டைகள்ல பாதி இடிஞ்சு கிடந்தது. வாங்கினவங்க ஒரு ரூம்ல இருந்துக்கிட்டு மிச்ச ரூமை புதுசா வர்றவங்களுக்கு விட்டாங்க, அப்படித்தான் கடனை அடைச்சாங்க. விண்ட்ரஷ்ல வந்த சாம் கிங் கதை இதுல ரொம்ப சுவாரசியம். 1950ல அவரும் அவர் அண்ணன் தம்பியும் கேம்பர்வெல்ல வீடு வாங்க மார்ட்கேஜ் கேட்டப்ப, ஜமைக்காவுக்கே திரும்பிப் போங்கன்னு பதில் லெட்டர் வந்துச்சு. அந்த லெட்டரை எடுத்துட்டுப் போய் வீட்டு ஓனர்கிட்டயே காட்டினாரு, ஓனருக்கே அசிங்கமாப் போய் அவரே மார்ட்கேஜ் குடுத்துட்டாரு. அந்த சாம் கிங் முப்பது வருஷத்துக்கு மேல போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்து, 1983ல அதே பகுதி அடங்கின சதர்க்குக்கு முதல் கறுப்பின மேயர் ஆனாரு. ஆனப்ப மிரட்டலும் வந்துச்சுன்னு சொல்லித்தான் ஆகணும்.

சர்ச் விஷயம் எனக்கு ரொம்ப உறுத்தும். பொறந்ததுல இருந்து ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் சபைகள்ல வளர்ந்தவங்க, ஞாயித்துக்கிழமை நல்ல சூட், தொப்பி போட்டுட்டு பக்கத்துத் தெரு சர்ச்சுக்குப் போனாங்க. பல பேர் அனுபவம் ஒரே மாதிரி இருக்கு, பக்கத்துல உக்காந்தவங்க எந்திரிச்சு வேற இடம் போயிட்டாங்க, பூசை முடிஞ்சு வாசல்ல பாதிரியார் கை குடுத்து, தப்பா நினைக்காதீங்க, அடுத்த வாரம் வராதீங்க, மத்தவங்களுக்குப் பிடிக்கலைன்னு மெதுவா சொல்லியிருக்காரு. திரும்பிப் போனவங்க வீட்டு ஹால்ல ஜெபக்கூட்டம் ஆரம்பிச்சாங்க, அப்புறம் ஸ்கூல் ஹாலை வாடகைக்கு எடுத்தாங்க, ஆள் சேரச் சேர மூடிக் கிடந்த பழைய சர்ச் கட்டடங்களையே விலைக்கு வாங்கினாங்க. 1953ல ஆலிவர் லைசைட்டும் கூட இருந்தவங்களும் வுல்வர்ஹாம்ப்டன்ல ஆரம்பிச்ச நியூ டெஸ்டமென்ட் சர்ச் ஆஃப் காட் இன்னிக்கு நாடு முழுக்க கிளை வெச்சிருக்கு. அந்த சர்ச்கள்ல வெறும் ஜெபம் மட்டும் நடக்கலை. நைட் ஷிப்ட் போற நர்ஸம்மா குழந்தையை யார் பாத்துக்கிறது, ஆஸ்பத்திரில இருக்கிற பெரியவரை யார் போய்ப் பாக்கிறது, ஃபாரம் நிரப்பத் தெரியாதவங்களுக்கு யார் எழுதிக் குடுக்கிறது, எல்லாமே அங்கதான் தீர்மானம் ஆச்சு. சாவு வீடும் அப்படித்தான், ஒன்பது ராத்திரி வீட்ல கூடி பாட்டு, சாப்பாடு, டோமினோ, அடக்கத்தன்னிக்கு மண்வெட்டியை வாங்கி தாங்களே மண்ணு தள்ளி மூடுவாங்க, பொம்பளைங்க சுத்தி நின்னு குழி நிரம்புற வரைக்கும் பாடுவாங்க. சைலண்டா இருபது நிமிஷத்துல முடிச்சுட்டுப் போற இங்கிலீஷ் அடக்கத்தைப் பாத்துப் பழகின கல்லறைக்காரங்களுக்கு மொதல்ல இது புதுசா இருந்திருக்கும், இன்னிக்கு பர்மிங்காம், லண்டன் பக்கமெல்லாம் சாதாரணம். ஆங்கிலிக்கன் சபையும் மாறுச்சு, ஜமைக்கால மான்டிகோ பேல பொறந்த ரோஸ் ஹட்சன்-வில்கின் 2019ல டோவர் பிஷப் ஆனாங்க, இங்கிலாந்துச் சபைல கறுப்பினப் பெண் ஒருத்தர் பிஷப் ஆனது அதுதான் முதல் தடவை, ஆனா அதுக்கு எழுபது வருஷம் ஆச்சு.

கிரிக்கெட்ல மட்டும் கொஞ்சம் சீக்கிரம் கதவு திறந்துச்சு, அதுவும் ஆடத் தெரிஞ்சவங்களுக்குத்தான். விண்ட்ரஷ்க்கு ரொம்ப முன்னாடியே, 1929ல, டிரினிடாட்காரர் லியரி கான்ஸ்டன்டைன் லங்காஷயர்ல நெல்சன்ங்கற சின்ன மில் ஊருக்கு லீக் கிரிக்கெட் ஆட வந்தாரு. கறுப்பு ஆளைப் பாத்தே இருக்காத ஊரு, பசங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருக்காங்க, மொட்டை லெட்டர் வந்திருக்கு, கொஞ்ச வருஷத்துல ஊரே அவரைத் தலைல வெச்சுக் கொண்டாடுச்சு, பின்னாடி பிரபு பட்டம் வாங்கினப்ப நெல்சனையும் பேர்ல சேர்த்துக்கிட்டாரு. ஆனா அதே ஆளுக்கு 1943ல லண்டன் ஹோட்டல் ஒண்ணு ரூம் குடுக்க மாட்டேன்னு சொல்லுச்சு, கேஸ் போட்டு அடுத்த வருஷம் ஜெயிச்சாரு, நஷ்டஈடு வெறும் அஞ்சு கினி, அதாவது அஞ்சு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல. ஸ்டாருக்கே இதுதான் நிலைமைன்னா சாதாரண ஆள் என்ன பண்ணுவான், தனியா கிளப் ஆரம்பிப்பான். லீட்ஸ்ல கரீபியன் கிரிக்கெட் கிளப் 1948லயே ஆரம்பிச்சுட்டாங்க. இந்த மாதிரி கிளப்ல கிரிக்கெட் ஒரு சாக்கு, வாரம் பூரா ஃபேக்டரில "ஏய்"னு கூப்பிடப்பட்டவன் ஞாயித்துக்கிழமை வெள்ளை டிரெஸ் போட்டு கேப்டன், செக்ரட்டரி, டிரஷரர்னு ஒரு பதவியோட நிக்கிற இடம் அது. சனிக்கிழமை வெளியூர் மேட்ச்னா கோச் பஸ் எடுத்துட்டு குடும்பத்தோட போவாங்க, பயறு போட்ட சோறு, கோழி எல்லாம் கட்டிக்கிட்டு. எதிர் டீம் கிராமத்து வெள்ளைக்காரங்க, டீ டைம்ல ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுதானே ஆகணும், அரசாங்கம் எத்தனை கமிட்டி போட்டும் செய்ய முடியாததை இந்த டீ பிரேக் கொஞ்சம் செஞ்சிருக்கும்னு எனக்குத் தோணும்.

இப்போ பிரிஸ்டல் விஷயத்துக்கு வரேன், இந்தக் கட்டுரைல ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கலாம். லண்டன் டிரான்ஸ்போர்ட் 1956ல பார்படோஸ் வரைக்கும் போய் ஆபீஸ் போட்டு, டிக்கெட்டுக்கு கடன் ஏற்பாடு பண்ணி பஸ்சுக்கு ஆள் எடுத்துட்டு வந்துச்சு. அதே காலத்துல பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனில ஆள் பற்றாக்குறை இருந்தும் கண்டக்டர், டிரைவர் வேலைக்கு கறுப்பர்களை எடுக்க மாட்டோம்னு இருந்தாங்க, யூனியன் கிளையே 1955ல அப்படி ஒரு தீர்மானம் போட்டிருந்துச்சு. இது சட்டத்தை மீறின காரியம்னு நினைக்காதீங்க, அப்போ பிரிட்டன்ல இப்படிப் பண்றது சட்டப்படி குத்தமே இல்லை. ராய் ஹாக்கெட், ஓவன் ஹென்றி, ஆட்லி எவன்ஸ், பிரின்ஸ் பிரவுன்னு நாலு கரீபியன்காரங்க சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, யூத் ஆபீசரா இருந்த பால் ஸ்டீபன்சன் அவங்க சார்பா பேசுற ஆளா வந்தாரு. அவர் பண்ணின முதல் வேலை ஒரு டெஸ்ட், கை பெய்லிங்கற இளைஞருக்கு இன்டர்வியூ ஏற்பாடு பண்ணாரு, பையன் நைட் ஸ்கூல் போறவன், பாய்ஸ் பிரிகேட்ங்கற கிறிஸ்தவ இளைஞர் அமைப்புல பொறுப்புல இருந்தவன், ஊரோட ஒட்டலைன்னு ஒருத்தரும் சொல்லிட முடியாத ஆளு. போன்ல வேகன்சி இருக்குன்னு சொன்ன கம்பெனி, ஆள் யாருன்னு தெரிஞ்சதும் இன்டர்வியூவே வேண்டாம்னு அனுப்பிருச்சு.

1963 ஏப்ரல் கடைசில பாய்காட் அறிவிச்சாங்க, ஊர்ல இருந்த கரீபியன்காரங்க மொத்தமே ஒரு மூவாயிரம் பேர் இருக்கும், அவங்க மட்டும் பஸ் ஏறலைன்னா கம்பெனிக்குப் பெருசா நஷ்டம் இல்லை. ஆனா யுனிவர்சிட்டி மாணவர்கள் ஊர்வலம் போனாங்க, லேபர் கட்சி அரசியல்வாதி டோனி பென் ஆதரிச்சாரு, அப்போ டிரினிடாட் தூதரா லண்டன்ல இருந்த நம்ம லியரி கான்ஸ்டன்டைன் வெளிப்படையாவே கண்டிச்சாரு, பிஷப்மாரு மட்டும் ரெண்டு பக்கமும் பாத்து வழுக்கினாங்க. நாலு மாசம் இழுத்து ஆகஸ்ட் 28 அன்னிக்கு கம்பெனி கலர் பாரை, அதாவது நிறத்தைப் பாத்து வேலை மறுக்கிற தடையை, எடுத்துட்டதா அறிவிச்சுது. அமெரிக்கால வாஷிங்டன் பேரணி நடந்த அதே நாள், அதனால உலகப் பேப்பர்ல இது காணாமப் போச்சு. செப்டம்பர்ல வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளையர் அல்லாத கண்டக்டர் ஒரு சீக்கியர், ரக்பீர் சிங், போராடினது கரீபியன்காரங்க, கதவு திறந்தது எல்லாருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு 1965ல முதல் இனப் பாகுபாடு தடைச் சட்டம், வேலை, வீட்டு விஷயத்துக்கு 1968ல இன்னொண்ணு. இன்னிக்கு பிரிட்டன்ல நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தன் கம்பெனி மேல டிரிப்யூனல் போறான்னா அந்தச் சட்டங்களோட தொடர்ச்சில நின்னுதான் போறான்.

கார்னிவல் கதைக்கு ஆரம்பம் சந்தோஷமானது இல்லை. 1958 ஆகஸ்ட்ல நாட்டிங்ஹாம்லயும் லண்டன் நாட்டிங் ஹில்லயும் வெள்ளைக்கார இளைஞர் கும்பல் கறுப்பர்களைத் தேடித் தேடி அடிச்சாங்க. டிரினிடாட்ல பொறந்து, கம்யூனிஸ்ட்னு அமெரிக்கால இருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கிளாடியா ஜோன்ஸ், அப்போ பிரிக்ஸ்டன்ல ஒரு பத்திரிகை நடத்திட்டு இருந்தாங்க. அடிபட்ட ஜனத்தோட வாய்ல இருந்து கசப்பை எடுக்கணும்னு 1959 ஜனவரில செயின்ட் பான்கிராஸ் டவுன் ஹால்ல உள்ளரங்கு கார்னிவல் நடத்தினாங்க, வெளிய குளிர் உயிர் போகும், பிபிசி ஒளிபரப்புச்சு. அதே வருஷம் மே மாசம் தச்சு வேலை பாத்த ஆன்டிகுவாக்காரர் கெல்சோ காக்ரேன் நாட்டிங் ஹில் பக்கத்துல குத்திக் கொல்லப்பட்டாரு, சவ ஊர்வலத்துக்கு ஆயிரத்துக்கு மேல வந்தாங்க, அதுல வெள்ளைக்காரங்களும் நிறைய. 1966ல அந்தப் பகுதில சமூக சேவை பண்ணிட்டு இருந்த ரோன் லாஸ்லெட் குழந்தைகளுக்காக தெருத் திருவிழா வெச்சாங்க, ஐரிஷ், உக்ரைன், ஸ்பானிஷ், ஆப்பிரிக்கன்னு எல்லாரும் கலந்துக்கிட்டது, ரஸ்ஸல் ஹெண்டர்சன் தன்னோட ஸ்டீல் பேன்ங்கற இரும்பு டிரம் வாத்தியத்தைத் தூக்கிட்டு தெருவுல நடக்க ஆரம்பிச்சாரு, பின்னாடியே கூட்டம் நடந்துச்சு. பிளான் எல்லாம் இல்லை, இப்போ வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசில பத்து லட்சத்துக்கு மேல கூடுற நாட்டிங் ஹில் கார்னிவல் அப்படி நடந்து நடந்து வந்ததுதான். லீட்ஸ்ல நெவிஸ்காரர் ஆர்தர் ஃபிரான்ஸும் நண்பர்களும் 1967ல ஆரம்பிச்ச கார்னிவல் இன்னும் சாப்பல்டவுன்ல நடக்குது, கரீபியன்காரங்களே ஆரம்பிச்சு நடத்துற தெருக் கார்னிவல்ல ஐரோப்பாலயே பழசு எங்களுதுதான்னு லீட்ஸ்காரங்க லண்டன்காரங்களோட இன்னும் சண்டை போடுவாங்க. நாள் ஒண்ணோட முடியுற விஷயமும் இல்லை, மாசக்கணக்குல கம்யூனிட்டி சென்டர்ல உக்காந்து இறகு ஒட்டி, கம்பி வளைச்சு, தையல் போடணும், பாட்டியும் பேத்தியும் பக்கத்து வீட்டு போலந்துக்காரியும் ஒண்ணா உக்காந்திருக்கிற இடம் அது. போலீஸ் செலவு, கத்திக்குத்துன்னு ஒவ்வொரு வருஷமும் பேப்பர்ல எழுதி பார்க்குக்கு மாத்துங்கன்னு சொல்றதும் வழக்கமான சடங்கு ஆயிருச்சு.

பள்ளிக்கூடம் பத்தி சொல்லாம விட முடியாது. கரீபியன் பிள்ளைங்களை, பேச்சு வழக்கு புரியலைன்னோ டெஸ்ட்ல மார்க் வரலைன்னோ, அறிவு வளர்ச்சி குறைஞ்சவங்களுக்கான தனிப் பள்ளிகளுக்குத் தள்ளிட்டு இருந்தாங்க, லண்டன்ல அவங்க எண்ணிக்கைக்கு சம்பந்தமே இல்லாத அளவுக்கு. கிரெனடாக்காரர் பெர்னார்ட் கோர்ட் 1971ல ஒரு சின்னப் புத்தகம் போட்டு அதை அம்பலப்படுத்தினாரு, பெற்றோர் கொதிச்சுப் போனாங்க. அதுக்கு முன்னாடியே ஜான் லா ரோஸ் மாதிரி ஆளுங்க வீட்லயே சனிக்கிழமைப் பள்ளி ஆரம்பிச்சிருந்தாங்க, அப்புறம் சர்ச் ஹால், சங்கக் கட்டடம்னு பரவுச்சு, கணக்கு, இங்கிலீஷ், கூடவே தங்களோட வரலாறு, சொல்லிக் குடுத்தது நர்ஸ், பஸ் டிரைவர், காலேஜ் பிள்ளைங்க. இன்னிக்கு ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் வார இறுதில நடக்குற தமிழ்ப் பள்ளிகளும் இதே துணைப்பள்ளிங்கற வகைக்குள்ளதான் வருது, நம்மளோட நோக்கம் மொழி, அவங்களோடது பிள்ளையை முட்டாள்னு முத்திரை குத்தாம காப்பாத்துறது, அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

அரசியல் பக்கம் வேகமா ஓடிர்றேன். நாட்டிங்ஹாம்ல எரிக் அயன்ஸ் 1962ல நாட்டோட முதல் கறுப்பின மாஜிஸ்திரேட், பர்மிங்காமுக்குப் பையனா வந்த ஜமைக்காக்காரர் பில் மோரிஸ் 1991ல டிரான்ஸ்போர்ட் யூனியனுக்கே தலைமைச் செயலாளரா தேர்வானாரு, பிரிஸ்டல்ல கறுப்பரை விடாதேன்னு தீர்மானம் போட்ட அதே யூனியன்தான். 1987ல பெர்னி கிரான்ட், டயான் அபாட் எல்லாம் எம்.பி. ஆனது பல பேருக்குத் தெரிஞ்சது.

நம்பர் ஒண்ணு மட்டும் சொல்லணும். 2021 சென்சஸ்ல இங்கிலாந்து, வேல்ஸ்ல கறுப்பின கரீபியன்னு பதிஞ்சவங்க சுமார் 6.2 லட்சம், வெள்ளையர் கரீபியன் கலப்புன்னு பதிஞ்சவங்க சுமார் 5.1 லட்சம். ஒதுங்கி வாழுற கூட்டத்துல இந்த ரெண்டாவது நம்பர் வரவே வராது.

இவ்வளவுக்கு அப்புறமும் 2018ல என்ன ஆச்சுன்னு பாருங்க. 1973க்கு முன்னாடி வந்தவங்களுக்கு இருக்க முழு உரிமை சட்டத்துல இருந்துச்சு, ஆனா பேப்பர் குடுக்கலை, அவங்க வந்தப்ப போட்ட லேண்டிங் கார்டுகளை அரசே 2010ல அழிச்சிருச்சு, 2012க்கு அப்புறம் கடுமை கூடி வேலைக்கு, வாடகைக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாத்துக்கும் ஆவணம் கேட்டப்ப வாழ்நாள் பூரா அங்கயே இருந்தவங்க திடீர்னு சட்டவிரோதக் குடியேறி ஆயிட்டாங்க. பாலட் வில்சன்னு ஒரு அம்மா, 1968ல சின்னப் பிள்ளையா ஜமைக்கால இருந்து வந்தவங்க, நாடாளுமன்ற கேன்டீன்ல சமையல் வேலை பாத்தவங்க, 34 வருஷம் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டினவங்க, வுல்வர்ஹாம்ப்டன்ல தன்னோட சர்ச்ல வீடில்லாதவங்களுக்கு வாரா வாரம் சமைச்சுப் போட்டவங்க. 2017ல அவங்களைப் பிடிச்சு யார்ல்ஸ் வுட் தடுப்பு மையத்துல வெச்சு ஜமைக்காவுக்கு அனுப்பப் பாத்தாங்க, ஊர்ல இருந்த அகதிகள் உதவி மையமும் லோக்கல் எம்.பி.யும் தலையிட்டுத்தான் நிறுத்தினாங்க. ஊரோட ஒட்டுறதுன்னா இதை விட என்ன பண்ணணும்னு அந்த ஆபீசர்கள்கிட்ட கேட்டா பதில் இருந்திருக்காது, ஏன்னா அவங்க கேட்டது அதை இல்லை, வருஷத்துக்கு நாலு சான்று.

விஷயம் வெளிய வந்து உள்துறை மந்திரி அம்பர் ரட் 2018 ஏப்ரல்ல ராஜினாமா பண்ணாங்க, 2019ல நஷ்டஈடு திட்டம் வந்துச்சு. அந்த ஃபாரம் பக்கம் பக்கமா இருந்துச்சு, எழுபது எண்பது வயசுக்காரங்க தனியா நிரப்ப முடியலை. மறுபடி பிரிக்ஸ்டன்ல பிளாக் கல்ச்சுரல் ஆர்க்கைவ்ஸ்ல வக்கீல்கள் வந்து உக்காந்தாங்க, சர்ச் ஹால்லயும் கம்யூனிட்டி சென்டர்லயும் டேபிள் போட்டாங்க, பழைய சம்பள ஸ்லிப்பையும் ஸ்கூல் சர்டிபிகேட்டையும் பைல தூக்கிட்டு ஜனங்க வரிசைல நின்னாங்க. பணம் வர்றதுக்கு முன்னாடியே இறந்துபோனவங்க பல பேர். பாலட் வில்சன் 2020 ஜூலைல இறந்தாங்க, அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் மத்தவங்களோட சேர்ந்து இதை சரி பண்ணச் சொல்லி ஒரு லட்சத்துக்கு மேல கையெழுத்து வாங்கின மனுவை பிரதமர் வீட்டு வாசல்ல குடுத்துட்டு வந்திருந்தாங்க.